இடது கண்ணில் வெளிச்சம்

தலையை இன்னும் கொஞ்சம் சன்னல் பக்கம் சாய்த்தால் இடது கண்ணில் வெளிச்சம் விழும் என்று நினைத்தாள் சேதுலட்சுமி. நினைத்த பிறகுதான், நாற்காலியில் உட்கார வைத்திருப்பது தன் புருஷனை என்பது உறைத்தது.

விடியும்போது பூமிநாதன் செத்துப்போயிருந்தான். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, ஹமீது சுல்தான் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். பின்னால் பூமிநாதனே வண்ணத்தில் எழுதிய ஸ்டுடியோத் திரை: அரண்மனை, குளம், இரண்டு அன்னம். கோடையெல்லாம் அடித்த கச்சான் காற்றின் மணல் குளத்து நீலத்தில் ஒட்டிக் கிடந்தது. புரட்டாசி பிறந்து காற்று விழுந்துவிட்டது. இனி வண்ணம் காய நாளாகும்.

செத்தவர்களைப் படம் பிடித்து, கண் திறந்திருப்பதுபோல் படத்தின்மேல் வண்ணத்தில் எழுதித் தர, ராமநாதபுரத்தில் இந்த ஸ்டுடியோதான். முகம் பூமிநாதன் எழுதுவான். கண் மட்டும் அவள். "கண்ணை வையி" என்பான், திரும்பாமலே. பன்னிரண்டு வருஷம்.

வைக்குமுன் அவள் செத்தவர் வீட்டுப் பெண்களிடம் ஒன்றுதான் கேட்பாள்: "ஒங்கள எப்படிப் பாப்பாரு?" அவர்கள் சொல்லச் சொல்ல அழுவார்கள். அந்தப் பார்வையை வைப்பாள்.

"எடுத்தாச்சு, தங்கச்சி," என்றார் ஹமீது சுல்தான். "நாளைக்குப் பிரிண்டு போட்டுத் தாரேன்."

பூமிநாதனின் அக்கா ராக்கு மூக்கைச் சிந்தினாள். "பதினாறாம் நாளைக்குப் படம் சுவத்துல ஏறணும் சேது. ஊரான் புருஷனுக்கெல்லாம் கண்ணு வச்சவ, எந்தம்பிக்கு நல்லா சிரிச்ச கண்ணா வையி."

"சிரிப்பாரா மதினி?"

"இதென்ன கேள்வி? அங்கன டீக்கடையில போய்க் கேளு. அவன் சிரிச்சா கடையே சிரிக்கும்."

சேதுலட்சுமி அவன் பார்வையைத் தேடிப் பார்த்தாள். குனிந்த முதுகு வந்தது. பிடரி மச்சம் வந்தது, எண்ணெய் இறங்கிய சட்டைக் காலர் வந்தது. மச்சத்தில் முளைத்திருந்த ஒற்றை முடிகூட வந்தது.

ராக்கு கண்ணாடித் தம்ளரிலிருந்து ஆகச் சன்னமான பிரஷை எடுத்து அவள் கையில் திணித்தாள். "நீ வச்சாத்தான்டி அவன் பாப்பான்."

அவள் பிரஷின் முனையை முந்தானையில் துடைத்து, பழையபடி தம்ளரில் போட்டாள்.

"மூடியே இருக்கட்டும், மதினி."

தரையில் கிடந்த தாடைத் துணியை எடுத்தாள். உச்சந்தலையில் முடிச்சுப் போட, அவன் முகத்துக்கு நேராக நிற்க வேண்டியிருந்தது.