கதாநாயகி அத்தையான கதை

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. பேர் வாங்கிய நடிகையை வந்து வசனம் வாசித்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள். வேடத்தைக் கொடுப்பார்கள். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம். அதனால்தான் மொராக் போனில் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனையோ வருஷமாக எனக்கு வேடம் பிடித்துக் கொடுப்பவள் அவள்.

"நீ அப்ப நடிச்சியே, அந்த நாவலை மறுபடி டிவி தொடரா எடுக்கறாங்க, ப்ரையனி. உன்னை அத்தை வேஷத்துக்குக் கேக்கறாங்க."

"முதல் பாகத்துலயே செத்துப்போறாளே, அந்த ராட்சசியா?"

"அவளேதான். அப்புறம்... வாசிச்சுக் காட்டணுமாம்."

"கதாநாயகி லெட்டிஸா நடிச்சவ நான்டி! ஞாயித்துக்கிழமை ராத்திரின்னா நாடே டிவி முன்னால உக்காந்துச்சு. நான் வாசிச்சுக் காட்டணுமா?"

"கத்தாதே. பழைய கதாநாயகியே அத்தையா வந்தா பத்திரிகைக்காரங்க மொய்ப்பாங்கன்னு தயாரிப்பாளர் கணக்குப் போடறார். டைரக்டரா வந்திருக்கற பொண்ணுதான் வாசிச்சே ஆகணும்னு பிடிவாதமா நிக்குது."

ஆக, எனக்கு நடிக்க வருமா என்பதில் ஒருத்தருக்கு அக்கறையே இல்லை, இன்னொருத்திக்குச் சந்தேகம். இரண்டு பேர் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் லண்டன் சோஹோவிலிருக்கும் அவர்கள் ஆபீசுக்குப் பஸ் ஏறினேன்.

தயாரிப்பாளர் வரவில்லை. டைரக்டர் ஜெசமி சின்னப் பெண், பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள். எதிரே புது லெட்டிஸ், லீட்ஸ் ஊர்க்காரி கெசியா. அத்தை பார்த்த மாப்பிள்ளையை லெட்டிஸ் வேண்டாம் என்கிறாள், அத்தை அவளை வீட்டை விட்டுத் துரத்துகிறாள். அந்தக் காட்சிதான். நான் வாயைத் திறப்பதற்குள் கெசியா முதல் வசனத்தைச் சொல்லிவிட்டாள். நன்றாகவே சொன்னாள், பாவி. அது என் வசனம். அப்புறம் எப்படி எழுந்து போவது?

பழைய தொடரில் எனக்கு அத்தையாக நடித்தவர் இந்தக் காட்சியில் தொண்டை கிழியக் கத்தினார். அவர் கத்தக் கத்த எனக்கு வசதியாகப் போயிற்று. தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியேறினேன், நாடு கைதட்டியது. அவர் மட்டும் என்னைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். அந்த இடத்தில் நின்றவளுக்குத்தான் இது தெரியும்.

நான் கத்தவில்லை. மேஜையிலிருந்த டீக்கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அவளைப் பார்க்காமலே, "பெட்டியை எடுத்துக்கோ. இருட்டறதுக்குள்ள போயிடு," என்றேன்.

கெசியா வசனத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

ஜெசமி பிஸ்கட்டை மறந்துவிட்டாள். "இந்த அத்தைக்கு அவ மேல பாசம் இருக்கு."

"இருக்கு. காட்டத் தெரியலை, அவ்வளவுதான்."

"அப்ப இவளை முதல் பாகத்துல சாகடிக்க முடியாதே! கடைசியில லெட்டிஸ் திரும்பி வர்றப்ப கதவைத் திறக்க இவதான் இருக்கணும். ஐயோ, எல்லாத்தையும் மாத்தி எழுதணும். என்ன வேலை வெச்சுட்டீங்க பாருங்க!" திட்டுகிற மாதிரிதான் சொன்னாள், முகம் முழுக்கச் சிரிப்பு.

"பழைய தொடரை நீ பாக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்ல, பாக்கவும் மாட்டேன். நீங்க அதுல ஹீரோயின்னு தயாரிப்பாளர் சொன்னார். அதுக்காக ஒருத்தருக்கு வேஷம் குடுக்கக் கூடாதுன்னுதான் வாசிக்கச் சொன்னேன். சரியா வரலைன்னா டீ குடுத்து அனுப்பியிருப்பேன்."

செய்திருப்பாள். அந்தக் கண்ணில் தாட்சண்யமே இல்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

தெருவில் நின்றபடியே மொராக்கைக் கூப்பிட்டு வேடம் கிடைத்ததைச் சொன்னேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"வாசிச்சதை மட்டும் வெளிய சொல்ல வேண்டாம். அவங்களாவே தேடி வந்து குடுத்தாங்கன்னு சொல்லிடலாம். உன் மரியாதையைப் பாக்கணுமில்ல?"

"முதல்ல அதைத்தான் சொல்லணும். பத்திரிகைக்காரன் ஒருத்தன் விடாம எல்லார்கிட்டயும் சொல்லு."

"பைத்தியமா உனக்கு?"

"லெட்டிஸ் வேஷத்தை என் மூஞ்சியைப் பாத்துத் தூக்கிக் குடுத்தாங்க, மொராக். இது நான் வாசிச்சு வாங்கினதுடி."