இருபத்திரண்டு மில்லிமீற்றர்

"தண்ணி இல்லாட்டி அது எப்பிடியப்பா ஆறு?"

சந்திரகலா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. லீவில் தன் ஊரான சுன்னாகம் போயிருந்த மார்க்கண்டு, தான் வேலை செய்யும் இடத்தைப் பற்றி மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ஓமான் கடல், மறுபக்கம் வளைகுடாக் கடல், நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மொட்டை மலை, மலைக்குள்ளே கூழாங்கல் மட்டும் ஓடும் ஓர் ஆறு.

"அரபிக்காரன் அதை வாதி எண்டுறான், பிள்ளை. பேருக்குத்தான் ஆறு. சும்மா கல்லு ரோட்டு" என்று சிரித்தார்.

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு பார்த்து வளராத மனிதர். அதிலும், தன் வீட்டுக் கூரையில் மழை விழுந்தால்தான் தண்ணீர் வரும். வேறெங்கோ பெய்த மழை தன்னைத் தேடி வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

அந்த வாதிக்குள் ரோட்டுப் போடும் கம்பெனியில் மார்க்கண்டு கேம்ப் கிளார்க். ஆட்களின் வரவு எழுதுவது ஒரு வேலை. தினமும் காலை பத்து மணிக்கு வயர்லெசில் மூன்று இடத்து வெயிலையும் மழையையும் கேட்டு மழைப் புத்தகத்தில் எழுதுவது இன்னொன்று. ஒரே நாளில், ஒரு மணி நேர ஓட்டத்துக்குள், மூன்று நாடுகள் இருப்பதுபோல இருக்கும். கிழக்கே கடற்கரை ஆபீசில் சட்டையைப் பிழிந்து காயப்போடலாம். மேற்கே மணல்வெளியில் உதடு வெடிக்கும். மலை உச்சியில் கல் உடைக்கும் மெஷினுக்குக் காவலிருக்கும் கௌஸ் முகம்மது, மாசி மாதத்தில் இரண்டு ஜாக்கெட் போட்டுக்கொண்டு நடுங்குவான்.

கேம்ப் ஆபீஸ் சுவரில் ஓர் உத்தரவு ஒட்டியிருந்தது. மலையில் பத்து மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால், வாதிக்குள் இருக்கும் ஆட்களை உடனே கரையேற்ற வேண்டும். மூன்று வருடத்தில் நாலு மில்லிமீற்றரைத் தாண்டியதில்லை. அந்த உத்தரவுக்கு மேலே இருந்த ஆணியில் மார்க்கண்டு கந்தசுவாமி படம் போட்ட கலண்டரை மாட்டிவைத்தார். உத்தரவு மறைந்துபோயிற்று. சாமி படத்தை எங்கே மாட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு மாசியில் ஒரு நாள். பத்து மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது. மலை உச்சியிலிருந்து கௌஸ் முகம்மது.

"அண்ணே, விடியக்காலைல இருந்து ஊத்துதுண்ணே! இருபத்திரண்டு எழுதிக்கோங்க. அல்லாவே, பல்லு தந்தியடிக்குது!"

"சுலைமானித் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படு" என்றார் மார்க்கண்டு. இருபத்திரண்டு என்று எழுதினார். சன்னல் வழியே பார்த்தார். வெள்ளை வெயில். ஒரு துண்டு மேகமில்லை. மழைப் புத்தகத்தை மூடினார்.

பதினொரு மணிக்குப் பழனிச்சாமி வாசலில் வந்து நின்றான். பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், சிமெந்து கலவை மெஷினில் வேலை.

"ஐயா, கீழ காத்து சில்லுனு வருதுங்க. மண்ணு வாசம் அடிக்குது. ஆடெல்லாம் தானா மேல ஏறுது. மலையில தண்ணி வுழுந்திருக்குமுங்க. ஆளுங்கள மேல கூப்புட்டுக்குவோமா?"

மார்க்கண்டுவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஊரிலிருந்து இரண்டு மாதமாகக் கடிதமில்லை. அந்தக் கோபமும் இதிலே சேர்ந்துகொண்டது.

"உனக்கென்ன விசரே? வானத்தைப் பார்! உன்ர தோட்டக்காட்டுக் கதையை என்னட்டைக் கொண்டு வராதை. போ, போய் வேலையைப் பார்!"

தேயிலைத் தோட்டத்தாரை இழிவாக அழைக்கும் அந்தச் சொல் பழனிச்சாமியின் முகத்தில் விழுந்தது. அவன் திரும்பிப் போனான்.

அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால், வாதிக்குள் வேலை செய்த பதினொரு ஆட்களும் பழனிச்சாமியோடு, சாப்பாட்டுத் தூக்குகளையும் எடுத்துக்கொண்டு, கரைமேல் பாறையில் குந்தியிருந்தார்கள். கீழே மெஷின் அநாதையாக நின்றது. மார்க்கண்டு வரவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாதிக்குள் இறங்கினார். நடு ஆற்றில் நின்று கத்தினார்.

"ஆரடா உங்களை ஏறச் சொன்னது? எல்லாருக்கும் அரை நாள் வெட்டுவன்! யல்லா, இறங்குங்கோ!"

"ஐயா, மேல வந்துருங்க! சத்தம் கேக்குது பாருங்க!"

"எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியோ நீ?"

அப்போதுதான் அவருக்கும் கேட்டது. லொறிகள் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். வளைவில் ஒரு பழுப்புச் சுவர் எழுந்தது. சுவருக்குள் முள்மரங்கள் தலைகீழாகச் சுழன்றன. தலைக்கு மேலே வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. மார்க்கண்டுவின் கால்கள் நகரவில்லை. பாறையிலிருந்து குதித்து ஓடி வந்த பழனிச்சாமி, அவரது இடுப்புப் பெல்ட்டைப் பிடித்து, மூட்டையை இழுப்பதுபோல இழுத்துக் கரையில் போட்டான். தண்ணீர் அவர்களின் கால்களை நக்கிக்கொண்டு போயிற்று. கலவை மெஷின் ஒரு தரம் புரண்டது. பிறகு காணவில்லை.

'தண்ணி இல்லாட்டியும் அது ஆறுதான், பிள்ளை' என்று மார்க்கண்டு வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை மானேஜர் வந்தார். ஆட்கள் எல்லோரும் பிழைத்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஷின் போன இடத்தைப் பார்த்தார். ஆபீசுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"மிஸ்டர் மார்க்கண்டு, இருபத்திரண்டு என்று இருந்தால் நீ ஊருக்குப் போக வேண்டிவரும். மழைப் புத்தகத்தில் இந்தத் தாளைக் கிழித்துவிட்டு இரண்டு என்று புதிதாக எழுது. மலை உச்சியில் இருக்கிற ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன். காரணமில்லாமல் வேலையை நிறுத்தியவன் அந்தப் பழனிச்சாமி. ஆட்கள் நின்றிருந்தால் மெஷினை ஏற்றியிருப்பார்கள். அவன் விசாவை கான்சல் பண்ணிவிடலாம். கலாஸ், அதோடு முடிந்தது."

"நிண்டிருந்தா பதினொரு பிரேதம் எல்லோ ஏத்தியிருக்க வேணும்!" என்று மார்க்கண்டுவின் தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றது. அவர் சொன்னது "யெஸ் சேர்" மட்டும்தான்.

மானேஜரின் ஜீப் போன பிறகு மேசையில் ஓங்கி அடித்தார். மனிதனைவிட மெஷினைப் பெரிதாக நினைக்கும் அந்த ஆளின்மேல் கோபம். "யெஸ் சேர்" சொன்ன தன் நாக்கின்மேல் அதைவிடக் கோபம். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் பழனிச்சாமிமேல்தான் வந்தது. அவன் ஒரு சொல் ஏசியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். அவனோ, வெள்ளம் இறங்கியதும் சேற்றில் தேடி, அவர் கையிலிருந்து நழுவிப்போன வரவுப் புத்தகத்தைக் கண்டெடுத்து வந்திருந்தான். ஆபீசுக்குப் பின்னால் வெயிலில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, தாளுக்கு ஒரு கூழாங்கல் வைத்துக் காயவிட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்கு வேற வேலையில்லையே?" மார்க்கண்டு சீறினார்.

"பேரெல்லாம் அழிஞ்சா ஆளுங்களுக்குச் சம்பளம் வராதுங்களே, ஐயா."

"நான் நேற்று உன்னை என்ன சொன்னனான், ஞாபகமிருக்கே?"

பழனிச்சாமி ஒரு கல்லை நகர்த்தி வைத்தான். "அது பழகிப்போச்சுங்க. எங்க லயத்து வீட்டுக்குப் பக்கத்துல ஓயான்னு ஒரு ஆறு ஓடும். எங்க அக்கா பூவாயி துணி தொவைக்கப் போனா. வெயில்தான் அடிச்சுச்சு. மேல எஸ்டேட்ல பெஞ்ச மழை, அவளைக் கொண்டுபோயிருச்சு." இன்னொரு தாளைப் பிரித்து வைத்தான். "அப்ப யாரும் கூப்புட்டுச் சொல்லலீங்க. ஐயாவுக்கு டீ போடவா?"

மார்க்கண்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை. கேம்ப் வெறிச்சோடியிருந்தது. சிலர் தொழுகைக்கும் மற்றவர்கள் கடைத்தெருவுக்கும் போயிருந்தார்கள். பழனிச்சாமியும் வீட்டுக்கு ஒரு கசெட்டில் பேசிப் பதிந்து அனுப்புவதற்காக அவர்களோடு போயிருந்தான். தன் விசாவுக்கு வந்திருக்கும் ஆபத்து அவனுக்குத் தெரியாது. துபாய் ஹெட் ஆபீசுக்கு வாராவாரம் போகும் தபால் பை மேசையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைக் கட்டி அரக்கு வைப்பது மார்க்கண்டுவின் வேலை. சனிக்கிழமை காலையில் டிரைவர் எடுத்துப் போவான்.

மழைப் புத்தகத்திலிருந்து அந்தத் தாளை எடுத்தார். இரண்டு இரண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மார்க்கண்டு வேலையில் இருக்கலாம். இரண்டும் நின்றால் பழனிச்சாமி இருப்பான். சுன்னாகத்து வீட்டை நினைத்தார். சந்திரகலாவை நினைத்தார். இத்தனை வருடம் சாமிக்குக் கற்பூரம் கொளுத்தியவருக்கு, தன் பெல்ட்டை இறுகப் பிடித்த அந்தக் கைதான் அப்போது நினைவில் நின்றது. அந்தக் கையும் அந்தச் சாமி அனுப்பியதுதானே?

குழப்பமில்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல முத்து முத்தாக, அடியில் எழுதினார்: 'பத்து மணிக்கு இந்தச் செய்தி எனக்குக் கிடைத்தது. ஆட்களை ஏற்றும்படி நான் சொல்லவில்லை. பதினொரு மணிக்குப் பழனிச்சாமி என்ற தொழிலாளி வந்து எச்சரித்தார். நான் அவரை ஏசி அனுப்பினேன். பதினொரு பேரையும், பிறகு என்னையும் காப்பாற்றியவர் அவர். இதைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். நான் திருத்தவில்லை.' ஆங்கிலத்தில் எழுதிய அந்த வரிகளுக்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

தாளை மடித்துப் பைக்குள் போட்டார். கயிற்றை இறுக்கினார். அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். மூன்று நாளாக நெஞ்சில் எரிந்தது சற்றுத் தணிந்திருந்தது.

பிறகு ஆணியிலிருந்து கலண்டரைக் கழற்றினார். மறைந்திருந்த உத்தரவு வெளியே தெரிந்தது. அதன்மேல் படிந்திருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார். சுத்தியலை எடுத்து வந்து, பக்கத்துச் சுவரில், எதையும் மறைக்காத இடமாகப் பார்த்து ஒரு புது ஆணி அடித்து, கந்தசுவாமியை அங்கே மாட்டினார்.