பத்து மாட்டுக்கும் ஒரே கோடு

அத்தானிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பத்து மாடு, பத்துக் குப்பி ரத்தம், மாட்டுக்கு மாடு புது ஊசி. பக்கத்துத் தொழுவத்தில் இரண்டு மாடுகள் காய்ச்சலில் செத்துப்போனதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை. அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் உண்ணி கடித்துப் பரவும் ரத்த ஒட்டுண்ணி. நுண்ணோக்கியில் சில சமயம் தப்பிவிடும், எங்கள் ஆய்வுக்கூடத்து பிசிஆர் எந்திரத்தில் தப்புவது கஷ்டம். அத்தானோ, "நான் போடாத ஊசியா? நீ போய் உன் மெஷினைப் பாரு" என்றார்.

மெஷினைப் பார்த்தேன். ஒவ்வொரு மாட்டு ரத்தத்துக்கும் திரையில் ஒரு கோடு வரும். ஒட்டுண்ணி இருந்தால் கோடு மேலே ஏறும்; நிறைய இருந்தால் சீக்கிரமே ஏறும். பத்துக் கோடும் சீக்கிரமே ஏறின. அதுகூடப் பரவாயில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஒரே கோடு மாதிரி ஏறின. ஒரு வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஆளுக்கொரு சூடு இருக்கும்.

"ஏதோ ஒண்ணு எல்லாத்துலயும் கலந்திருக்கு. மறுபடி போடுங்க" என்றார் எங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா. என் கையைச் சந்தேகப்படுகிறார் என்று புரிந்தது. வெறும் தண்ணீர் வைத்த குழாயில் கோடு ஏறவேயில்லை என்று காட்டியும் பயனில்லை. மேஜையைத் துடைத்து, மருந்தெல்லாம் புதிதாகப் பிரித்து, மறுபடி போட்டேன். மறுபடியும் அதே கோடு. எரிச்சலில் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பத்திலும் ரத்தம் ஒரே மாதிரி தண்ணியாக இருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது.

போன் போட்டேன். "அத்தான், எந்த மாட்டுல ரத்தம் எடுத்தீங்க?"

"எல்லாத்துலயும்தான்."

"அத்தான்."

இருமினார். "மத்ததெல்லாம் உதைக்குதும்மா. எனக்கு ஏற்கெனவே முட்டி சரியில்ல. சினைமாடுதான் செஞ்சு வச்ச சிலையாட்டம் நிக்கும். எல்லாம் ஒரே தொழுவம், ஒரே தீவனம். ரத்தம் மட்டும் வேறயாவா இருக்கப் போகுது?"

கையுறையோடு தலையில் அடித்துக்கொண்டேன். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு அக்கா எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ. என் இரண்டு நாள் உழைப்பு, என் மானம் எல்லாம் இவருடைய முட்டிக்குப் பலி. நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் மாட்டு டாக்டரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கேட்கவும் கேட்டேன். அத்தான் தொழுவத்து வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். டாக்டர் எங்களைக் கண்டுகொள்ளாமல் நேராகச் சினைமாட்டிடம் போய்க் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. கன்று போட நாள் நெருங்கிப் பால் வற்றவிட்ட மாடு என்பதால் பால் குறைந்ததா என்று பார்க்கவும் வழியில்லை.

"இது சாதுவா நிக்கலைங்க. நகரத் தெம்பில்லாம நிக்குது. இதுகிட்டயா பத்துக் குப்பி எடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

கன்றாக இருந்ததிலிருந்து அந்த மாட்டை வளர்த்த அக்கா, அதன் கழுத்தில் கை வைத்தபடி சொன்னாள்: "போன மாசம் வரைக்கும் இவளும் உதைச்சுக்கிட்டுத்தான் இருந்தா. இப்பதான் புத்தி வந்திருக்குன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்."

"தாயும் கன்னும் பிழைக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"மருந்து போடுறேன். நாளைக்கு வரைக்கும் படுக்காம நின்னா பார்ப்போம்."

கொம்பைப் பிடிக்க அத்தான் ஓடி வந்தார். டாக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நீளமான ஊசியை அதன் தொடையில் இறக்கினார். மாடு வாலைக்கூட அசைக்கவில்லை. திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ பாக்கி வைத்திருந்தேன். பையிலிருந்து மற்ற ஒன்பது மாட்டுக்கான புதுக் குப்பிகளை எடுத்தேன்.