பதினாலாம் மாடியின் உரிமையாளர்

"எங்கிட்டகூட மறைச்சிட்டியே, லொரெய்ன்!"

நகரக் கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தை அவள் கணவன் பேரி மெத்தைமேல் விட்டெறிந்தான். விடுதியின் அந்த ஒற்றை அறையில் எறிவதற்கு வேறு இடமும் இல்லை. மெத்தையில் உட்கார்ந்து டோஸ்ட்டும் பீன்ஸும் தின்றுகொண்டிருந்த பெண்பிள்ளைகள் இரண்டும் தட்டுகளை ஒதுக்கிக்கொண்டன.

லொரெய்ன் எடுத்துப் படித்தாள். வீடில்லாதவர்களுக்குக் கவுன்சில் கொடுக்கும் வீட்டுக்காக ஆறு வருடம் காத்திருந்த பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார்கள். தேம்ஸ் கரையில் பதினாலாம் மாடியில், நான்கு படுக்கையறைகளோடு அவளுக்குச் சொந்த வீடு இருக்கிறதாம்!

"அட பாவி, அது நான் வேலைக்குப் போற வீடு! ஒரு ஈ காக்கா குடியில்ல. வாராவாரம் போய் குழாயத் தொறந்து தண்ணிய ஓடவிடுறேன். இல்லேன்னா குழாய்ல கிருமி சேந்துடுமாம்."

"அப்ப உன் பேரு எப்படி வந்துச்சு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன வருடம் வீட்டு நிர்வாகி ஹார்கிரீவ் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, சாவி கொடுத்ததற்கு அத்தாட்சி என்றான். கேள்வி கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயரில் வீட்டை வாங்கிப் பூட்டி வைப்பவர்கள், உண்மையான உரிமையாளர் யாரென்று பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் தன் நாட்டு ஆஸ்பத்திரிப் பணத்தைச் சுருட்டி இங்கே அந்தப் பதினாலாம் மாடி வீட்டை வாங்கிய வெளிநாட்டு மந்திரி, தன் பெயரையா கொடுப்பான்? குழாய் திறக்க வருகிறவளின் பெயரும் கையெழுத்தும் ஹார்கிரீவின் கைவசம் இருந்தன.

கவுன்சில் அலுவலகத்தில் இருந்த பெண் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

"பதிவேட்ல இருக்கறதத்தாம்மா நாங்க பாக்க முடியும். ஆட்சேபணைன்னா எழுதிக் குடுங்க. விசாரிச்சு முடிக்க ஒரு வருஷமாவது ஆகும்."

"அதுவரைக்கும் அந்த வீடு யாருது?"

"உங்களுதுதான்."

"அப்படின்னு ஒரு தாள்ல எழுதி முத்திர குத்திக் குடுங்க."

மறுநாள் காலை அவள் பேரியோடும் பிள்ளைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் அந்தத் தேம்ஸ் கரைக் கட்டடத்தின் முன்வாசலில் நின்றாள். வாசல் காவலர் கிளைவ் ஓடி வந்தார்.

"என்னம்மா இது கூத்து? வேலைக்காரங்களுக்குப் பின்வாசல்னு தெரியாதா?"

"வேலைக்கு வரல கிளைவ். குடி வந்திருக்கேன்."

முத்திரை குத்திய தாளை இரண்டு முறை படித்துவிட்டு அவர் ஹார்கிரீவைக் கூப்பிட்டார். போனில் அவன் கத்தியது வாசல்வரை கேட்டது. "வெளிய தள்ளு அவள! அது அவ வீடு இல்ல!"

லொரெய்ன் போனை வாங்கினாள்.

"சரிங்க. அப்ப யாரு வீடு? பேர மட்டும் சொல்லுங்க. இப்பவே திரும்பிப் போயிடறேன். நேரா கவுன்சிலுக்குப் போய் அந்தப் பேரச் சொல்லிடறேன்."

ஹார்கிரீவ் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

முந்தின நாள் அவளைச் சந்தேகப்பட்டதற்கு பேரிக்கு வெட்கமாக இருந்தது. கிளைவ் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டைத் திறந்தார்.

"நாளைக்கு யாராவது வந்து காலி பண்ணச் சொன்னா என்னடி பண்ணுவே?" என்று பேரி மெதுவாகக் கேட்டான்.

"வரட்டும்," என்றாள் அவள். "வர்றவங்க மொதல்ல வீட்டுக்காரன் பேரச் சொல்லட்டும்."