வாசலில் காபூல்

என் கணவர் தச்சர். மனிதர்களிடம் பேச வேண்டியதையும் உளியிடமே பேசி முடித்துவிடுகிற ஆள். ஒரு புதன்கிழமை காலை அவர் ஏணி போட்டு, நாங்கள் குடியிருக்கும் பின்கட்டின் வாசலுக்கு மேலே ஒரு பலகையை மாட்டினார். அதில் செதுக்கியிருந்தது ஒரே ஒரு சொல்: காபூல்.

"என்ன பேருங்க இது?" என்றேன்.

"பைபிள்ல இருக்கு," என்றார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எங்கள் சபையில் வீட்டுக்கு வேதாகமத்து ஊர்ப்பெயர் வைப்பவர்கள் நிறைய. பெத்தேல் என்றால் தேவனுடைய வீடு. ரெகொபோத் என்றால் விசாலமான இடம். காபூல் என்று யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. கூரியர் கொண்டுவந்தவன்கூட அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்த ஊர்ல யாராச்சும் வேலை பாக்குறாங்களாக்கா?" என்று கேட்டான்.

முன்வீட்டில் இருப்பது என் அண்ணன். வீடு கட்டிக்கொடுக்கும் மேஸ்திரி. அவனுடைய அந்தப் பெரிய வீட்டின் கதவு, ஜன்னல், மாடிப்படி அத்தனையும் என் கணவரின் கைவேலை. இரண்டு வருஷம் இழைத்தார். அதற்குப் பதிலாகத்தான் அண்ணன் எங்களுக்குப் பின்கட்டில் இரண்டு அறைகளைக் கொடுத்தான், ஒன்று குடியிருக்க, ஒன்று பட்டறைக்கு. கொடுத்த அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ராஜா மாதிரி சாவியை நீட்டினான்.

அறைகள் பள்ளத்தில் இருந்தன. மழை பெய்தால் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறும். பலகை உப்பிக்கொள்ளும். நான் துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற பாலிஷ், பால் சிந்தினதுபோல் வெளுத்துவிடும். ஆறு மாதமாக இதுதான் எங்கள் பாடு. அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் வந்தால் வாசலிலேயே உட்காரவைத்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசி அனுப்பிவிடுவேன்.

அன்று சாயங்காலம் அவன் பலகையைப் பார்த்தான். "அட, பைபிள் பேரா! பிரமாதம் மாப்ள! ஞாயித்துக்கிழமை பாஸ்டரைக் கூட்டிட்டு வரேன். ஜெபம் பண்ணி, பேருக்கு அர்த்தமும் சொல்லட்டும்."

என் கணவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் ஏதோ வில்லங்கம் இருந்தது.

மறுநாள் வேதாகமத்தை எடுத்து உட்கார்ந்தேன். யோசுவா புத்தகத்தில் காபூல் எல்லைகளின் பட்டியலில் வரும் ஒரு ஊர், அவ்வளவுதான். அப்பாடா என்றிருந்தது. ராஜாக்கள் புத்தகத்துக்கு வந்ததும் அந்த நிம்மதி போனது. சாலொமோன் ராஜா ஆலயமும் அரண்மனையும் கட்டுகிறான். பக்கத்து நாட்டு ஈராம் ராஜா மரம் அனுப்புகிறான். எல்லாம் முடிந்ததும் சாலொமோன் அவனுக்கு இருபது ஊர்களைக் கொடுக்கிறான். ஈராம் வந்து சுற்றிப் பார்க்கிறான், பிடிக்கவில்லை. என்ன சகோதரனே, இதெல்லாம் ஒரு ஊரா என்கிற மாதிரி கேட்டுவிட்டு, காபூல் நாடு என்று பெயர் வைத்துவிடுகிறான்.

அர்த்தத்தைத் தேடினேன். அடிக்குறிப்பு, ஒன்றுக்கும் உதவாதது என்றது. சபையில் இரவல் வாங்கிய அகராதி, எல்லை என்றது. இன்னொரு புத்தகம், சரியான பொருள் தெரியவில்லை என்று கையை விரித்தது. படித்தவர்களே கையை விரித்தால் பாலிஷ் போடுகிறவள் நான் என்ன செய்வேன்?

பட்டறைக்குப் போனேன். "இடம் பிடிக்கலைன்னா அண்ணன்கிட்ட வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

இழைப்புளி நின்றது. "நீதானே சொல்லக்கூடாதுன்ன."

உண்மைதான். குடிவந்த முதல் வாரமே ஈரத்தைப் பார்த்துவிட்டு, அண்ணனிடம் மூச்சு விடக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியவள் நான். பிறந்த வீடு என்று எனக்கு மிஞ்சியது அண்ணன் ஒருவன்தான். குறை சொன்னால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வான், உறவே விட்டுப்போகும் என்று பயம்.

"அதான் சொல்லல. எழுதி வச்சேன்," என்றார் அவர்.

சிரிப்பதா, கையிலிருந்த உப்புத்தாளை அவர்மேல் வீசுவதா என்று தெரியவில்லை. "கழட்டுங்க அதை!"

"முடிஞ்சா நீயே கழட்டு."

ஏணியில் ஏறிப் பார்த்தேன். அவர் அடித்து மாட்டியது கழன்றதாகச் சரித்திரமே இல்லை.

சனிக்கிழமை, தப்பிக்க வழி கிடைக்குமா என்று மறுபடி புரட்டினேன். நாளாகமப் புத்தகத்தில் கதை தலைகீழாக இருந்தது. ஈராம் தனக்குக் கொடுத்த ஊர்களைச் சாலொமோன் கட்டி, ஜனங்களைக் குடியேற்றினானாம். யார் யாருக்குக் கொடுத்தது? இரண்டு பக்கத்திலும் விரலை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படித்தேன். பிடிக்காதவன் திருப்பிக் கொடுத்திருப்பானோ? எப்போது, என்ன சொல்லி, எந்த முகத்தோடு? எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து அண்ணன் பாஸ்டரோடு வந்தான். பாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "காபூல்... வந்து... அது ஒரு நாடு."

"அர்த்தம் சொல்லுங்க பாஸ்டர்," அண்ணன் விடவில்லை.

பாஸ்டர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்தேன்.

"பிடிக்கலைன்னு அர்த்தம்ணா. உள்ள வா."

அவன் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தேன். எடுத்தபோது விரல்கள் நனைந்திருந்தன. வெளுத்துப்போன அலமாரிக் கதவையும் தடவிப் பார்த்தான்.

"எத்தனை நாளா இப்படி?"

"வந்ததுலேர்ந்து."

அண்ணன் என் கணவரிடம் திரும்பினான். "ஏன் மாப்ள, நேரா கேட்டிருக்கலாமே?"

"சத்தியம் வாங்கிட்டா மச்சான்."

அண்ணன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான். ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாமல் பாஸ்டர் செருப்பைத் தேடினார். பயந்தது நடந்துவிட்டது என்று நான் அந்த ஈரச் சுவரிலேயே சாய்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை காலை கடப்பாரைச் சத்தம். அண்ணன் இரண்டு ஆட்களோடு சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தான். என் கணவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"பலகையை எடுத்துடாத மாப்ள. வேலையை முடிச்சுக் காட்றேன். அப்புறம் நீ என்ன பேர் வைக்கிறேன்னு பாக்குறேன்," என்றான் அண்ணன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

என்னை மட்டும் அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினான், குடிக்கவில்லை.

"மாப்ள வேற வீட்டு ஆளு. அவருக்கே எங்கிட்ட சொல்லணும்னு தோணி எழுதி வச்சாரு. நீ ஆறு மாசம் ஈரத்துல படுத்து எந்திரிச்சுட்டு, என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்க. நான் உனக்கு யாரு?"

அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மண்ணை வெட்ட ஆரம்பித்தான்.