காசு கேட்காதவன்

ஜேசுதாஸ் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான், கரண்டு போய் இருட்டாயிருந்த கடைக்குள் வந்தார். ஜெராக்ஸ் கடையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. மகள் குரலைக் கேட்கப்போகிற இடம் என்று நினைத்தாரோ என்னவோ. கடைக்காரி சலீமா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அந்த மகள் ஆன்மேரி போன மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பத்து வயது. அவள் புதுநன்மை வாங்கிய அன்று சர்ச்சில் வீடியோ எடுத்தது சலீமாதான். திருப்பாடல் வாசிக்கும்போது நடுவில் ஒரு வரி மறந்து, தனக்குத்தானே சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஜேசுதாஸிடம் இருப்பதோ பட்டன் போன். பள்ளிக்கூட போட்டோ ஒன்று வீட்டுச் சுவரில் இருக்கிறது, குரல்தான் எங்கும் இல்லை. முதல் வருஷ நினைவுப் பூசை நெருங்க நெருங்க, அந்தச் சிரிப்பை ஒருதரம் கேட்டால் போதும் என்று அவர் மனைவி மரியபுஷ்பம் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாளாம்.

போன வாரம் தன் ஊரான கொட்டச்சேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து பென் டிரைவைக் கொடுத்தார். எஸ்டேட் ஜீப்பில் பாட்டுக் கேட்கிற பென் டிரைவ், நாலு கை மாறியது. சலீமா அதைச் சொருகினாள். அதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிட, பிடுங்கிக் கொடுத்து அடுத்த வாரம் வரச் சொன்னாள். அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் ஒரு படமும் திறக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, கத்னா என்று பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. சேலத்திலிருந்து வந்து பார்த்த கம்ப்யூட்டர் ரிப்பேர் பையன் வைரஸ் என்றான். அந்த பென் டிரைவில்தான் வந்திருக்கிறது, இனி மீட்க வழியில்லை என்றான்.

"வைரஸ் வந்து எல்லாம் போயிருச்சுங்ணா. எங் கவனக்கொறைவுதான்," என்றாள் சலீமா. பாதி பொய். மீதியை எந்த வாயால் சொல்வது?

ஜேசுதாஸ் சத்தம் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அது தானா வருதுங்களா அம்மிணி?"

"இல்லைங்ணா. யாரோ எழுதி உடறாங்க."

"காசு கேக்கறானுங்களா?"

"சில பேரு கேப்பாங்க. இவன் கேக்கலீங்க."

"கேட்டாக் குடுத்துருவனுங்களே. எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியாவது..." அவர் முடிக்கவில்லை. "நம்ம மேல அவனுக்கு என்னங்க அவ்வளவு கோவம்?"

இதையேதான் அவளும் சேலத்துப் பையனிடம் கேட்டிருந்தாள். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டத்தான் அக்கா, எதுவரைக்கும் போகுதுன்னு பார்க்கத்தான், சிலர் சும்மாவே என்று அவன் சிரித்தான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவன் பிடுங்கக்கூட வரவில்லை, கொளுத்திவிட்டுப் போய்விட்டான். கொட்டச்சேடு என்று ஓர் ஊர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்து செய்திருந்தாலாவது மண்ணை வாரித் தூற்றலாம்.

"நம்மள யாருன்னே அவனுக்குத் தெரியாதுங்ணா."

ஜேசுதாஸ் முகம் தெளிந்தது. "போகட்டும் உடுங்க. அன்னிக்கு சர்ச் ஆபீஸுக்கு ஒரு காப்பி குடுத்தீங்கல்ல? அங்க வாங்கிக்கறேன்." சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் காட்டினார்.

"ஐயோ அண்ணா, அத எங்கயும் சொருகிப்போடாதீங்க."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் தன் கையிலிருந்த பென் டிரைவைப் பார்த்தார்.

"அப்ப நாந்தான் கொண்டாந்தனுங்களா?"

சலீமா மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கினாள்.

"எதுக்கும் இருக்கட்டும்னு காலையிலயே சர்ச் ஆபீஸ்ல குடுத்துட்டனுங்க," என்றார் அவர். "ஆபீஸ் கிங்ஸ்டன் சொருகுனதும் ஊருக்கே கரண்டு போயிருச்சு. பிடுங்கிக் கையில குடுத்து, கரண்டு வந்ததும் போட்டுப் பாக்கறேன், ஒரு மணி நேரங் கழிச்சு வாங்கன்னாரு."

கரண்டு வந்ததும் அந்தக் கம்ப்யூட்டரைத் திரும்ப ஆன் செய்யாமல் இருந்தால் சர்ச் காப்பி ஒருவேளை தப்பும். சலீமா போனை எடுத்து கிங்ஸ்டன் நம்பரைத் தேடிக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஜேசுதாஸ் எழுந்து வந்து அவள் பக்கத்தில் காதைக் கொடுத்து நின்றார்.

பின்னால் அதுவரை அணைந்து கிடந்த ஜெராக்ஸ் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. மெல்ல உறுமிக்கொண்டு அது சூடேறத் தொடங்கியது.