சிவசங்கரி செய்த டெம்ப்ளேட்

குயிலாப்பாளையத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது தட்சணாமூர்த்தியின் கம்பெனி. கடற்கரையோர விடுதிகளுக்கு புக்கிங் சர்வர் போட்டுக் கொடுக்கிற வேலை. அங்கே ஆசிப்தான் சீனியர். ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு விர்ச்சுவல் சர்வரை அடியிலிருந்து தன் கையாலேயே அமைப்பான். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போய்விடும்.

புதிதாகச் சேர்ந்த சிவசங்கரி அதற்கு ஒரு வழி கண்டாள். ஒரே ஒரு சர்வரை முழுசாகத் தயார் செய்து, அதன் அடையாளங்களையும், யார் எப்போது என்ன செய்தார்கள் என்று பதிவாகியிருந்த பழைய லாகுகளையும் துடைத்துவிட்டு, டெம்ப்ளேட்டாக மூடி வைத்தாள். அதை அச்சாக வைத்து டீ ஆறுவதற்குள் புது சர்வர் எடுத்துவிடலாம்.

"ஏம்பா ஆசிப், இத்தனை வருஷமா உனக்கு இது தோணலையா?" என்று தட்சணாமூர்த்தி எல்லோர் முன்னாலும் சிரித்தார். ஆசிப்பும் சிரித்தான். காது மடல் சுட்டது.

"நீ ஒரு தடவை செக் பண்ணிட்டு ஓகே குடு. இனிமே எல்லாருக்கும் இதான்," என்றார் தட்சணாமூர்த்தி.

செக் பண்ணும்போதுதான் கண்ணில் பட்டது. சோதனைக்காக அவள் போட்ட ஒரு அக்கவுன்ட், யாரும் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டோடு உள்ளேயே கிடந்தது. அழிக்க மறந்திருக்கிறாள். இதிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு சர்வரிலும் அதே கதவு திறந்திருக்கும். பக்கத்து மேசையில்தான் அவள் இருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்குதாண்ணா?"

"சூப்பரா இருக்குதும்மா." ஓகே கொடுத்தான்.

மழைக்காலம் முடிவதற்குள் எவனோ அந்த அக்கவுன்ட் வழியாக உள்ளே புகுந்து, விருந்தாளிகளின் பாஸ்போர்ட் நகல்களை அள்ளிக்கொண்டு போனான். விடுதிக்காரர்கள் போனில் கிழித்தார்கள்.

"நீ செக் பண்ணியா இல்லையா?" தட்சணாமூர்த்தி கத்தினார்.

"பண்ணேன் சார். அப்போ அந்த அக்கவுன்ட் இல்ல. அப்புறம் யாரோ போட்டிருக்காங்க." யாரோ என்கிறபோது ஆசிப் அவளைப் பார்த்தான்.

"மறந்தது என் தப்புதான் சார்," என்றாள் சிவசங்கரி. "ஆனா அப்புறம் நான் அதைத் தொடவே இல்ல."

"லாகைக் காட்டு."

லாகைத்தான் அவளே ஒழுங்காகத் துடைத்திருந்தாளே. அந்த அக்கவுன்ட் எப்போது போட்டது என்று காட்ட ஒன்றுமில்லை. "திருடுறதுக்குன்னே வழி விட்டு வச்சிருக்கே," என்றார் அவர். அவள் ஆசிப்பின் பக்கம் திரும்பி நின்றாள், அவன் ஏதாவது சொல்வான் என்று. அவன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளுக்குள் இதமாகத்தான் இருந்தது.

மறுநாள் அவளுடைய அம்மா அஞ்சம்மாள் படியேறி வந்தாள். மரக்காணத்தில் மீன் விற்கிறவள். "தம்பி, நீயும் எங்க ஊருதானே. சாருகிட்ட ஒரு வார்த்த சொல்லுப்பா. போலீசுன்னு சொல்றாராம்."

"சொல்றேம்மா. நீங்க போங்க."

அவன் சொல்லவில்லை. விஷயம் வெளியே போனால் தன் பெயர் கெடும் என்று தட்சணாமூர்த்தியே போலீசை விட்டுவிட்டார். ஆனால் அவளை வேலையை விட்டு நிறுத்தி, தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டு, எடுக்காதீர்கள் என்று அவள் பெயரைச் சொல்லி வைத்தார். ஆசிப் அந்த ஒரு அக்கவுன்டை மட்டும் அழித்தான். மற்றபடி அதே டெம்ப்ளேட்தான் ஓடுகிறது. இந்த டெம்ப்ளேட் யார் செய்தது என்று விடுதிக்காரர்கள் கேட்டால் தட்சணாமூர்த்தி ஆசிப்பின் தோளைத் தட்டுவார்.

கோடையில் ஒருநாள் மரக்காணம் பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. அஞ்சம்மாள் அவனைப் பார்த்ததும் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

"உக்காருப்பா. நீ சொன்னதாலதான் என் பொண்ணு போலீசுக்குப் போகாம தப்பிச்சுது. யாரும் வேலை குடுக்க மாட்டேங்கிறாங்க, உப்பளத்துல உப்பு வாரப் போவுது. கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. இருந்தாலும் உன்னைத்தான் சொல்லும், ஆசிப் அண்ணன் நல்லவருன்னு."

"பரவால்லம்மா," என்றான் ஆசிப். உட்கார்ந்துகொண்டான்.